பீட்டர் பிடிக்கப் போய் அன்னா ஆன கதை

மூணு வருஷமா ஒரு சரித்திர நாவலுக்குக் குறிப்பு எடுத்துட்டிருக்கேன். எக்செல்ல அத்தியாயவாரியா பட்டியல், பாத்திரங்களுக்கு வம்சாவளி எல்லாம் ரெடி. நாவல்தான் ஒரு வரி கூட இல்ல. இந்தக் கடுப்புல இருந்தப்பதான் டால்ஸ்டாயோட 1870-களைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். மனுஷன் நம்மளை விட மோசமா மாட்டியிருக்கார்!

'போரும் அமைதியும்' 1869-ல் முடிந்தது. அப்போது அவருக்கு 41 வயசு. அதுக்கப்புறம் பேனா நகரவில்லை. உட்கார்ந்து கிரேக்கம் கத்துக்கிட்டார். பண்ணை வீட்டுப் பிள்ளைகளுக்காக ஒரு அரிச்சுவடி எழுதினார், 1872-ல் அச்சானது. நடுவுல பெரிய திட்டம் ஒண்ணு: மகா பீட்டர் காலத்தை வெச்சு நாவல். புத்தகம் புத்தகமா படிச்சார். அந்தக் காலத்து உடை, பேச்சு, பழக்கவழக்கம்னு குறிப்பேடு குறிப்பேடா நிரப்பினார். தொடக்கம் மட்டும் இருபதுக்கும் மேல் எழுதிப் பார்த்திருக்கார். ஒண்ணும் ஓடலை. அந்தக் காலத்து மனுஷங்களோட மனசுக்குள்ள தன்னால நுழைய முடியலைன்னு அவரே ஒத்துக்கிட்டார். தகவல் எல்லாம் இருக்கு, ஆள்தான் உயிரோட வரலை. (எக்செல்லை நினைச்சு எனக்குக் கொஞ்சம் வலிச்சது.)

இதுல வேடிக்கை என்னன்னா, எழுதப்போற நாவல் ஏற்கெனவே வாசல்ல வந்து நின்னுட்டிருந்தது. மேல்தட்டுக் குடும்பத்துப் பெண், கல்யாணமானவள், வழி தவறினவள், ஆனா குற்றவாளியா இல்லாம பரிதாபத்துக்குரியவளா காட்டணும் என்று 1870 பிப்ரவரியிலேயே மனைவி சோஃபியாகிட்ட சொல்லியிருக்கார். சோஃபியா அதைக் குறிச்சு வெச்சதாலதான் இன்னிக்கு நமக்குத் தெரியுது. 1872 ஜனவரியில், பக்கத்துப் பண்ணைக்காரரோட சேர்ந்து வாழ்ந்த ஒரு பெண், அவர் வேறு பெண்ணை நாடினதால மனமுடைஞ்சு யாசென்கி ஸ்டேஷன்ல சரக்கு ரயில் முன்னாடி விழுந்து செத்துப்போனாங்க. பேரு அன்னா. டால்ஸ்டாய் நேரில் போய் அந்த உடலைப் பார்த்தார். பார்த்துட்டு வந்து... மறுபடி பீட்டர்! இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல.

1873 மார்ச்சில் வீட்டில் கிடந்த புஷ்கின் தொகுதி ஒன்றை எடுத்துப் புரட்டினார். அதுல முடிக்காம விட்ட ஒரு துண்டு. பீடிகை கிடையாது, வர்ணனை கிடையாது, விருந்தினர்கள் வந்து சேருவதிலிருந்து நேரா கதைக்குள்ள போயிடுது. இப்படித்தான் ஆரம்பிக்கணும்னு பிடிச்சுக்கிட்டார். நண்பர் ஸ்திராகோவுக்கு ஒரு கடிதம் எழுதினார்: முதல் படி முடிஞ்சாச்சு, இரண்டு வாரத்துல தயாராயிடும்னு. அந்தக் கடிதத்தைத் தபால்ல போடவே இல்லை. நல்லவேளை!

ஏன்னா இரண்டு வாரம் நாலு வருஷமாச்சு. (நம்ம ஆபீஸ் எஸ்டிமேட் எல்லாம் எவ்வளவோ தேவலை.) முதல் படிகள்ல லெவின் கிடையாது. அன்னா கொஞ்சம் மட்டமான பெண்ணா வருவாள், புருஷன்தான் நல்லவர். எழுத எழுதத்தான் ஆட்கள் மாறினாங்க. 1870-ல் மனைவிகிட்ட சொன்ன அந்தப் 'பரிதாபம்' உடனே கைக்கு வரலைங்கிறதுதான் எனக்கு இதுல பெரிய ஆச்சரியம்.

இடையில் சாவு மேல் சாவு. 1873 நவம்பர்ல கைக்குழந்தை பேத்யா. 1874 ஜூன்ல, தாயில்லாப் பிள்ளையா இருந்தவரை வளர்த்த தத்யானா அத்தை. 1875 பிப்ரவரியில் இன்னொரு குழந்தை. 1874-ல் அச்சுக்குப் போயிருந்த பகுதியையே நிறுத்தி, நாவலைத் தூக்கி ஓரமா வெச்சுட்டு பள்ளிக்கூட வேலைக்குப் போயிட்டார். 1875-ல் 'ருஷ்ய தூதன்' பத்திரிகையில் தொடரா வர ஆரம்பிச்ச பிறகும், அன்னா சலிப்பா இருக்குன்னு கடிதங்கள்ல புலம்பல்தான். 'இன்ஸ்பிரேஷன்' வந்ததென்னவோ 1873 வசந்தத்துல சில வாரம். மீதி நாலு வருஷமும் கடனேன்னு மேசையில உட்கார்ந்ததுதான்னு எனக்குத் தோணுது.

கடைசியிலயும் தகராறு. செர்பியாவுக்குப் போராடக் கிளம்பின ருஷ்யத் தன்னார்வலர்களைப் பத்தின பார்வை பிடிக்காம, ஆசிரியர் காத்கோவ் எட்டாம் பாகத்தைப் போட மறுத்துட்டார். டால்ஸ்டாய் விடலை, 1877-லேயே அதைத் தனியா அச்சடிச்சு வெளியிட்டார்.

அதோட சும்மா இருந்தாரா? 1878-ல் பழைய டிசம்பர் கிளர்ச்சிக்காரர்கள் நாவலைத் தூசி தட்டி, ஆவணம் தேடக் கிளம்பிட்டார். அதுவும் முடியலை.