காவலாளியா, முன்னோடியா? ஒரு சொற்றொடரின் வரலாறு



அண்மையில் உயர்நிலை மூன்று மாணவர்களுக்குச் சிங்கப்பூரின் முதல் அமைச்சர்களைப் பற்றிய ஆங்கிலப் பத்தியொன்றை மொழிபெயர்க்கக் கொடுத்தேன். அதில் வந்த 'ஓல்ட் கார்ட்' என்னும் தொடரை ஒரு மாணவி 'வயதான காவலாளி' என்று எழுதியிருந்தாள். வகுப்பு சிரித்தது. நான் 'முன்னோடித் தலைவர்கள்' என்று பலகையில் எழுதித் திருத்தினேன். தோ பாயோவிலுள்ள என் வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான், என் விடையும் முழுமையானதன்று என்று உறைத்தது.

இத்தொடர் பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியனின் படையிலிருந்து வந்தது. 1804-இல் உருவான அவருடைய பேரரசுக் காவற்படையில், பல போர்க்களங்களைக் கண்ட மூத்த வீரர்களின் பிரிவே 'பழைய காவற்படை'. 1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் பிரெஞ்சுப் படை சிதறியபோதும், அதன் சில அணிகள் கலையாமல் நின்று பின்வாங்குவோரைக் காத்தன. ஆகவே, என் மாணவி முற்றிலும் தவறிவிடவில்லை. காவல் என்னும் பொருள் இத்தொடரின் வேரிலேயே உண்டு!

அவ்வீரர்களுக்கு 'முணுமுணுப்போர்' என்னும் பட்டப்பெயரும் இருந்தது. பேரரசரின் முன்னிலையிலேயே குறைகளைச் சொல்லும் உரிமையை அவர்கள் தம் நெடும்பணியால் ஈட்டியிருந்தனர்.

பிற்கால ஆங்கிலத்தில் இத்தொடர், ஓர் அமைப்பில் நெடுங்காலம் இருந்து மாற்றத்தை விரும்பாத மூத்தோரைக் குறிக்கலாயிற்று. அதில் சற்றே ஏளனமும் கலந்தது. சிங்கப்பூரிலோ அது மரியாதைச் சொல்லாகவே வழங்குகிறது. லீ குவான் யூ, கோ கெங் சுவீ, எஸ். ராஜரத்தினம், டோ சின் சை, லிம் கிம் சான் முதலியோரை நாம் இப்பெயரால் நினைவுகூர்கிறோம்.

நான் வாழும் தோ பாயோவே இதற்குச் சான்று. 'தோ' ஹொக்கியன் மொழியில் 'பெரிய'. 'பாயோ' சதுப்பு நிலத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. அந்தப் பெருஞ்சதுப்பில் நகரம் எழுப்பியது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். 1960-இல் அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்ற லிம் கிம் சான், ஊதியம் பெறாமலே பணியாற்றினார். முதல் ஐந்தாண்டுகளில் கழகம் 50,000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது.

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1915-இல் பிறந்த ராஜரத்தினம், 1965-இல் நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சரானார். 1985 முதல் 1988 வரை மூத்த அமைச்சராக இருந்தார். அப்பதவிப் பெயரை முதலில் தாங்கியவர் அவரே. பின்னர் 1990-இல் அது லீ குவான் யூவுக்கு வந்தது. 2004 முதல் 2011 வரை அவர் 'மதியுரை அமைச்சர்' எனப்பட்டார். மூப்புக்கு உரிய பணி மதியுரைப்பதே என்பதை அத்தமிழ்ப் பெயரே சொல்லிவிடுகிறது.

அம்மதியுரை எப்போதும் இனிப்பதில்லை. டோ சின் சை, 1954-இல் மக்கள் செயல் கட்சியின் முதல் தலைவரானவர்; தேசியக் கொடியை உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர். 1981-இல் அமைச்சரவையிலிருந்து நீங்கிய பின்னும் 1988 வரை நாடாளுமன்றத்தில் அமர்ந்து, தாம் வளர்த்த கட்சியின் கொள்கைகளையே கேள்வி கேட்டார். 1984-இல் நடப்புக்கு வந்த மெடிசேவ் மருத்துவச் சேமிப்புத் திட்டத்தை அவர் எதிர்த்தார். திட்டம் நிறைவேறியது, ஆயினும் அவர் வாய் மூடவில்லை.

'முன்னோடி' என்னும் சொல்லில் வழிகாட்டிய பெருமை உண்டு. இந்த இடித்துரைக்கும் உரிமை இல்லை. திருக்குறளின் 45-ஆம் அதிகாரமான 'பெரியாரைத் துணைக்கோடல்', கடிந்துரைக்கும் பெரியோரை அரசனுக்குரிய காவலாகவே கொள்கிறது. காவலும் கண்டிப்பும் ஒன்றே என்பதைத் தமிழ் முன்பே அறிந்திருக்கிறது.

எங்கள் அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் மாலைதோறும் சில முதியவர்கள் கூடி, மின்தூக்கி முதல் விலைவாசி வரை குறை சொல்வார்கள். விரைந்து கடந்து போவதே என் வழக்கம். அன்று சற்று நின்று கேட்டேன்.

மறுநாள் அம்மாணவியின் தாளில் நான் இட்ட சிவப்புக் கோட்டை அடித்துவிட்டு, 'மூத்த காவலர்' என்று எழுதிக் கொடுத்தேன். இதனினும் பொருத்தமான சொல் உங்களுக்குத் தோன்றினால் அன்புகூர்ந்து எழுதுங்கள். வகுப்பில் உங்கள் பெயரைச் சொல்லியே கற்பிப்பேன்.