பக்கிங்ஹாம்: ஒரு கால்வாய்க்குப் பெயர் கொடுத்த கடன்காரக் குடும்பம்

சென்னைக்காரர்களுக்கு பக்கிங்ஹாம் கால்வாயை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கண்ணில் படாவிட்டாலும் மூக்கு காட்டிக் கொடுத்துவிடும். பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணியிலிருந்து மயிலாப்பூர் போகும்போது கீழே கறுப்பாகத் தேங்கி நிற்கிறதே, அதேதான். சரி, யார் இந்த பக்கிங்ஹாம்? லண்டனில் இருக்கும் அரண்மனைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பெயர் மட்டும்தான் ஒன்று. ஆட்கள் வேறு, குடும்பமும் வேறு.

பக்கிங்ஹாம் டியூக் என்பது இங்கிலாந்தின் ராசியில்லாத பட்டங்களில் ஒன்று. முதலில் 1444-ல் ஸ்டாஃபோர்ட் குடும்பத்துக்குக் கிடைத்தது. அந்த வம்சத்தில் இரண்டு டியூக்குகள் தலையை இழந்தார்கள் (1483, 1521). அடுத்து வில்லியர்ஸ் குடும்பம். முதல்வரை 1628-ல் ஒருவன் கத்தியால் குத்திக் கொன்றான். மகனுக்கு வாரிசு இல்லாமல் 1687-ல் பட்டம் முடிந்தது. அப்புறம் ஷெஃபீல்ட் குடும்பம். லண்டன் அரண்மனைக்கு அஸ்திவாரமான பக்கிங்ஹாம் மாளிகையைக் கட்டியது இவர்தான். அந்தக் கிளையும் 1735-ல் முடிந்தது. இவ்வளவு நடந்த பிறகும் இந்தப் பட்டத்துக்கு ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கியவர்கள் கிரென்வில் குடும்பத்தினர். நம் கால்வாயின் கதை இவர்களுடையது.

கிரென்வில்கள் சாதாரண ஆட்கள் இல்லை. ஜார்ஜ் கிரென்வில் 1763-65-ல் பிரதமர். அமெரிக்கக் குடியேற்றங்களைக் கொதிக்க வைத்த 1765 முத்திரைத்தாள் வரிச் சட்டம் இவர் காலத்தில் வந்ததுதான். அவருடைய மகன் வில்லியம் 1806-07-ல் பிரதமர். ஆனால் குடும்பம் உண்மையில் வளர்ந்தது பதவியால் அல்ல, கல்யாணத்தால். தலைமுறைக்குத் தலைமுறை, அண்ணன் தம்பி இல்லாத பணக்காரப் பெண்ணாகப் பார்த்துக் கட்டினார்கள். ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒரு சொத்து வந்தது. கூடவே மாமனார் வீட்டுப் பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது. கடைசியில் குடும்பப் பெயர் டெம்பிள்-நியூஜென்ட்-பிரிட்ஜஸ்-சாண்டோஸ்-கிரென்வில் என்று ஐந்து பெட்டி ரயிலாகிவிட்டது. நம்மூரில் சீர்வரிசைக்குத் தனியாகப் பட்டியல் எழுதுவார்கள். இவர்களுக்குப் பெயரே பட்டியல்! ஸ்டோவ் என்ற இடத்தில் இருந்த இவர்களுடைய மாளிகைக்காக வரையப்பட்ட குடும்பச் சின்னப் பலகையில் மட்டும் 719 கட்டங்கள்.

1822-ல் டியூக் பட்டம் கிடைத்தது. நாடாளுமன்றத்தில் கிரென்வில் கோஷ்டி என்று ஒரு சிறு கும்பல் இருந்தது. லிவர்பூல் பிரபுவின் அரசுக்கு அது ஆதரவு தந்தது. பதிலுக்கு வந்தது பட்டம். அதாவது கூட்டணி பேரம். பெரிய பட்டம் என்றால் பெரிய செலவு. முதல் டியூக் கடன்காரர்களுக்குப் பயந்து, சிக்கனமாக இருக்கப் போவதாகச் சொல்லி 1827-ல் வெளிநாடு கிளம்பினார். எதில் தெரியுமா? சொந்த உல்லாசக் கப்பலில்.

மகன் அப்பாவையே தூக்கிச் சாப்பிட்டார். இரண்டாவது டியூக்கின் கணக்கை வணிகவியல் முதலாண்டு மாணவன் பார்த்தால்கூடத் தலையில் அடித்துக்கொள்வான். கடன் வாங்கி நிலம் வாங்கினார். நிலத்திலிருந்து வந்த குத்தகை, கடனுக்குக் கட்ட வேண்டிய வட்டியைவிடக் குறைவு. ஆக, நிலம் கூடக் கூட நஷ்டமும் கூடியது. பிறகு ஏன் வாங்கினார்? நிலம் இருந்தால் குத்தகைக்காரர்களின் ஓட்டு கையில் இருக்கும். ஓட்டு இருந்தால் செல்வாக்கு. 1832 சீர்திருத்தச் சட்டத்தில் ஆண்டுக்கு 50 பவுண்டு குத்தகை கட்டுபவர்களுக்கு ஓட்டுரிமை வாங்கித் தந்தவரும் இவரே. அந்தப் பிரிவுக்குப் பெயரே சாண்டோஸ் பிரிவு.

இன்னொரு விஷயமும் உண்டு. இந்த மாதிரிக் குடும்பங்களில் பரம்பரை நிலத்தைத் தனி ஆள் விற்க முடியாதபடி பத்திரத்தில் கட்டிப் போட்டிருப்பார்கள். அந்தக் கட்டை அவிழ்க்க வேண்டுமென்றால் வயதுக்கு வந்த மூத்த மகனின் கையெழுத்து வேண்டும். மகன் போட்டுக் கொடுத்தார். தனக்கு வர வேண்டிய சொத்தை அப்பாவின் கடனுக்கு விட்டுக் கொடுத்த அந்த இளைஞர்தான் பின்னாளில் சென்னைக்கு வந்த டியூக்.

1845 ஜனவரியில் விக்டோரியா மகாராணி ஸ்டோவுக்கு விருந்தாளியாக வந்தார். பணம் தண்ணீராகச் செலவானது. இரண்டே வருடம். 1847-ல் ஜப்தி செய்ய ஆட்கள் உள்ளே நுழைந்துவிட்டார்கள். கடன் பத்து லட்சம் பவுண்டுக்கும் மேல். 1848-ல் மாளிகைச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. ஏலம் 40 நாள் நடந்தது. ஓவியம், சிலை, வெள்ளிப் பாத்திரம், மது பாட்டில் எல்லாம் போயிற்று. ஷேக்ஸ்பியரின் முகம் என்று உலகமே நம்புகிற சாண்டோஸ் ஓவியம் 355 கினிக்குப் போனது. (அதுவே 1856-ல் லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தின் முதல் படமானது.) மொத்தம் தேறியது சுமார் 75 ஆயிரம் பவுண்டு. கடனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நிலங்களும் துண்டு துண்டாகக் கைமாறின. 1850-ல் மனைவி விவாகரத்து வாங்கினார். இரண்டாவது டியூக் 1861-ல் செத்தது, லண்டனில் ஒரு ரயில் நிலைய ஓட்டலில்.

மூன்றாவது டியூக் வேறு மாதிரி மனிதர். அப்பா மஞ்சக் கடுதாசி கொடுக்கிற நிலைக்குப் போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். பிரபு வீட்டுப் பிள்ளை வேலைக்குப் போவது கேவலம் என்று நினைத்த காலத்தில், 1853-ல், முப்பது வயதில், லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயின் தலைவரானார். எட்டு வருடம் இருந்தார். கடனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஸ்டோவுக்கே திரும்பக் குடிபோனார். 1871-ல் தன் பண்ணைச் சரக்குகளுக்காக ஒரு குட்டி ரயில் பாதை போட்டார். வயலுக்கு நடுவே ஓடிய அந்த ரயில் பிற்பாடு லண்டன் பாதாள ரயிலோடு சேர்ந்து 1935 வரை ஓடியது ஒரு வேடிக்கை.

1875 நவம்பரில் சென்னை ஆளுநராக வந்து இறங்கினார். மனைவி முந்தைய வருடமே இறந்திருந்தார். மூன்று மகள்கள், மகன் இல்லை. அடுத்த வருடமே மழை பொய்த்தது. நம் பாட்டிகள் தாது வருடப் பஞ்சம் என்று சொன்னார்களே, அது. 1876-78-ல் தென்னிந்தியாவில் தொடங்கிப் பரவிய அந்தப் பஞ்சத்தில் ஐம்பது லட்சம் பேருக்கும் மேல் செத்தார்கள்.

டியூக் என்ன செய்தார்? ஆரம்பத்தில் அவருடைய அரசு ஒரு வணிக நிறுவனம் மூலம் ரகசியமாக 30 ஆயிரம் டன் தானியம் வாங்கியது. வைஸ்ராய் லிட்டனின் அரசுக்கு அது பிடிக்கவில்லை. சந்தையில் அரசு கை வைக்கக் கூடாது என்பது அன்றைய வேதம். சிக்கனம் பார்க்க சர் ரிச்சர்ட் டெம்பிள் 1877 ஜனவரியில் சென்னைக்கு அனுப்பப்பட்டார். பஞ்ச நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆண் ஒருவருக்கு நாள் கூலி ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் என்று அவர் வெட்டினார். ஒரு ராத்தல் என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. இது உயிரோடு இருக்கவே போதாது என்று சென்னை சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் சண்டை போட்டார். சில மாதங்களில் சென்னை அரசு கூலியைக் கொஞ்சம் உயர்த்தியது. ஆகஸ்டில் டியூக் லண்டனுக்கு உதவி கேட்டுத் தந்தி அடித்தார். அங்கே பெரிய நிதி திரண்டது.

இவரை நல்லவர் என்று தூக்கி வைக்கவும் முடியவில்லை, லிட்டனோடு சேர்த்துத் திட்டவும் மனசு வரவில்லை. கணக்குத் தெரிந்தவர், மேலிடத்தோடு ஓரளவு முரண்டு பிடித்தவர். ஆனால் அரைக் கிலோகூட இல்லாத தானியத்துக்கு ஜனங்கள் மண் வெட்டியது இவர் ஆட்சியில்தான்.

அந்த வேலைகளில் ஒன்றுதான் கால்வாய். வடக்கே எண்ணூர் வரை 1806-லேயே காக்ரேன் என்ற வியாபாரி வெட்டியிருந்தார். பிறகு அரசு இரண்டு பக்கமும் நீட்டியிருந்தது. நடுவில் சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர்தான் பாக்கி. அதைப் பஞ்சத்தில் வந்த கூலிகள் 1877-78-ல் வெட்டி முடித்தார்கள். மொத்தக் கால்வாய்க்கும் ஆளுநர் பெயரை வைத்தார்கள். வெட்டியவர்களில் ஒருவர் பெயரும் எங்கும் இல்லை.

டியூக் 1880-ல் ஊர் திரும்பினார், 1885-ல் மறுமணம் செய்தார், மகன் பிறக்கவில்லை. 1889 மார்ச் 26-ல் இறந்தார். அன்றோடு டியூக் பட்டம் போயிற்று. ஆனால் இவரிடம் இருந்தது ஒரே பட்டம் இல்லையே! ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரிசு விதி. பங்காளிகள் பாகம் பிரித்துக்கொள்கிற மாதிரி அவை நாலா பக்கமும் போயின. டெம்பிள் ஏர்ல் பட்டம் அக்கா மகனுக்கு. காபம் பட்டம் தூரத்து உறவான லிட்டில்டன் குடும்பத்துக்கு. கின்லாஸ் என்ற ஸ்காட்லாந்துப் பட்டம் பெண்ணுக்கும் போகலாம் என்பதால் மூத்த மகள் மேரிக்கு. டியூக் பட்டத்துக்கு மட்டும் மகன்தான் வேண்டும். மூன்று மகள் இருந்தும் பிரயோஜனமில்லை. மேரியின் மூத்த மகன் 1914-ல் முதல் உலகப் போரில் இறந்தார். மாளிகை 1921-ல் விலை போயிற்று; 1923-லிருந்து அங்கே ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறது.

கால்வாய்க்கும் நல்ல காலம் ஒன்று இருந்தது. அரிசியும் உப்பும் விறகும் படகில் போய் வந்தன. பாரதிதாசன் நண்பர்களோடு இதில் படகேறி மாமல்லபுரம் போனதை ஒரு கவிதையாகவே எழுதியிருக்கிறார். 1960-களின் புயல்களும் லாரிகளும் படகுகளை விரட்டின, பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது, கடற்கரையை ஒட்டிப் பல இடங்களில் உள்ளே ஏறிய தண்ணீரை வாங்கிக்கொண்டு திரும்பக் கடலுக்கு விட்டது இந்தக் கால்வாய்தான்.