பெயரின் விலை: அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டில் ‘அமெச்சூர்’ கோட்பாடு – ஒரு வரலாற்று நோக்கு

விளையாட்டினைப் பொருளியல் வாழ்வுக்குப் புறம்பான தூய துறையாகக் கருதும் போக்கு நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. ‘பணம் புகுந்தது, விளையாட்டுக் கெட்டது’ என்னும் கூற்று அப்போக்கின் வெளிப்பாடேயாகும். ஆயின், ஐக்கிய அமெரிக்காவின் பல்கலைக்கழக விளையாட்டு வரலாற்றை நுணுகி நோக்குவோர்க்கு இதற்கு மாறான உண்மையொன்று புலனாகும். அங்கு பணம் தொடக்கத்திலேயே இருந்தது. அது யாரைச் சென்றடைதல் கூடாது என்பதே பிற்கால விதிகளின் உட்பொருளாயிற்று. 2021 யூலை 1 ஆந் திகதி தொடக்கம் மாணவ விளையாட்டாளர் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரங்களுக்கு வழங்கிப் பணம் ஈட்டலாம் என்ற நிலை ஏற்பட்டமையை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையிலான முதலாவது போட்டியாகக் கொள்ளப்படுவது 1852 இல் ஹார்வாட், யேல் மாணவர்க்கிடையே நிகழ்ந்த படகோட்டமாகும். நியூ ஹம்ஷயரிலுள்ள வினிபெசோக்கி ஏரியில் நடைபெற்ற இப்போட்டியின் செலவைப் புகையிரதக் கம்பனியொன்று ஏற்றுக்கொண்டது. தன் பாதையிற் பயணஞ் செய்வோர் தொகையைப் பெருக்குவதே அதன் நோக்கம். கல்லூரி விளையாட்டு வணிகத்தின் மடியிலேயே பிறந்தது எனக் கூறுதல் மிகையாகாது.

‘அமெச்சூர்’ என்னும் கோட்பாடோ இங்கிலாந்திலிருந்து வந்தது. விக்ரோறியா காலத்து உயர்குடியினர் ஊதியம் கருதாது விளையாடுவதையே பண்பாகப் போற்றினர். 1879 இல் வகுக்கப்பட்ட ஹென்லி படகோட்ட விதிகள் பணத்துக்காக ஓட்டுவோரை மட்டுமன்றி, கைவினைஞரையும் உடலுழைப்பாளரையும் அமெச்சூர் என்னும் வரையறையிலிருந்து விலக்கின. படகோட்டியோ மீனவனோ தன் தொழிலால் வலுப்பெற்ற கைகளுடன் கனவான்களுக்கு எதிரே அமர்தல் கூடாதென்பதே அதன் கருத்து. பிற்காலத்தில் அறநெறியாகப் போற்றப்பட்ட இக்கோட்பாடு தோற்றத்தில் ஒரு வர்க்க வேலியாக இருந்தமை மனங்கொள்ளத்தக்கது.

அமெரிக்காவில் இக்கோட்பாட்டைக் காக்கும் நிறுவனம் வேறொரு நெருக்கடியிலிருந்து தோன்றியது. 1905 இல் உதைபந்தாட்டக் களங்களில் நேர்ந்த மரணங்கள் நாட்டை அதிரச் செய்தன. சனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ற் ஹார்வாட், யேல், பிறின்ஸ்ரன் ஆகியவற்றின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து உரையாடினார். மறு ஆண்டு உருவான சங்கமே 1910 இல் தேசிய கல்லூரி விளையாட்டுச் சங்கம் எனப் பெயர் பெற்றது. விளையாட்டாளரின் உயிரைக் காக்கும் நோக்குடன் எழுந்த அமைப்பு காலப்போக்கில் அவர்தம் வருவாயைக் கட்டுப்படுத்தும் அமைப்பாக வளர்ந்தது.

அமெச்சூர் விதி யாரைத் தாக்கிற்று என்பதற்கு ஜிம் தோர்ப்பின் வரலாறு சான்றாகும். கார்லைல் செவ்விந்தியர் பாடசாலை மாணவரான இவர் 1912 ஆம் ஆண்டு ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்நிகழ்ச்சிப் போட்டியிலும் பத்துநிகழ்ச்சிப் போட்டியிலும் தங்கப் பதக்கங்கள் பெற்றார். 1909, 1910 ஆம் ஆண்டுகளின் கோடை விடுமுறைகளிற் சிறுதொகைக்கு அடிபந்தாட்டம் ஆடியமை வெளிவந்ததும் 1913 இல் அவை பறிக்கப்பட்டன. அந்நாளிற் கல்லூரி மாணவர் பலர் புனைபெயர் பூண்டு அவ்வாறு பணம் பெற்றனர். தோர்ப் தம் சொந்தப் பெயரில் ஆடியமையே அவருக்குக் கேடாயிற்று. 1953 இல் அவர் மறைந்தார். அவர் மட்டுமே வெற்றியாளர் என்பது 2022 இலேயே மீள ஏற்கப்பட்டது.

விதிகளுக்கும் நடைமுறைக்குமிடையிலான பிளவு விரைவில் வெளிப்பட்டது. 1929 இல் கார்னகி மன்றம் வெளியிட்ட அறிக்கை, பெரும்பாலான கல்லூரிகள் விளையாட்டாளரை ஏதோவொரு வகையில் மானியங்கள் மூலம் கவர்ந்தமையை எடுத்துக்காட்டிற்று. 1948 இல் இதனைத் தடுக்க இயற்றப்பட்ட விதிக்கோவை மூன்றாண்டுகளுக்குள் கைவிடப்பட்டது. 1956 இல் விளையாட்டுத் திறமைக்கான புலமைப்பரிசில் முறைப்படி அனுமதிக்கப்பட்டது.

இங்குச் சங்கத்துக்குப் புதிய சிக்கலொன்று எழுந்தது. திறமைக்குப் பரிசில் வழங்கப்படுமாயின் அது கூலியாகாதா? 1955 இல் கொலராடோவில் றே டெனிசன் என்னும் கல்லூரி உதைபந்தாட்டக்காரர் ஆட்டத்தின்போது தலையிற் காயமுற்று இறந்தார். தொழிலாளர் நட்டஈடு கோரிய அவர் மனைவியின் வழக்கை 1957 இல் அம்மாநில உயர் நீதிமன்றம் நிராகரித்தது. ‘மாணவ-மெய்வல்லுநர்’ என்னும் தொடர் இத்தகைய கோரிக்கைகளை எதிர்கொள்ளவே சங்கத்தினால் வழக்கிற் புகுத்தப்பட்டது. சங்கத்தை 1951 முதல் 1987 வரை நிருவகித்த வோல்ரர் பையர்ஸ் 1995 இல் வெளியிட்ட நூலில் இதனை ஒப்புக்கொண்டார். ஒரு சொல்லாட்சி எங்ஙனம் ஒரு கைம்பெண்ணின் உரிமையை மறுக்கும் கருவியாகலாம் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

தொலைக்காட்சியின் வளர்ச்சி இம்முரண்பாட்டைக் கூர்மையாக்கிற்று. 1984 இல் உதைபந்தாட்ட ஒளிபரப்பின் மீது சங்கம் கொண்டிருந்த கட்டுப்பாடு ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு முரணானதென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல்கலைக்கழகங்களுக்குச் சந்தைச் சுதந்திரம் கிட்டியது. ஆயின், விளையாட்டாளருக்கு ஊதியம் வழங்கலாகாதென்ற கருத்தை அதே தீர்ப்பு ஆதரித்துரைத்தது. 1970 களின் பிற்பகுதியிலிருந்து நைக் கம்பனி தன் காலணிகளை அணிவிக்கும் பொருட்டுப் பயிற்றுநருக்குப் பணம் வழங்கி வந்தது. காலணி அணிந்து ஓடியவர் மாணவர். பணம் பெற்றவர் பயிற்றுநர்.

விளம்பர உரிமை பற்றிய முரண்பாட்டை ஜெரமி புளூம் வழக்குத் தெளிவாக்குகிறது. பனிச்சறுக்கில் 2002 ஒலிம்பிக்கிற் பங்குபற்றிய இவர் கொலராடோப் பல்கலைக்கழகத்தில் உதைபந்தாடினார். வேறொரு விளையாட்டிற் சம்பளம் பெறுவதை விதி அனுமதித்தது. விளம்பரப் பணத்தை அனுமதிக்கவில்லை. பனிச்சறுக்காளரின் வருவாயோ பெரும்பாலும் விளம்பரத்திலேயே தங்கியிருந்தது. 2004 இல் மேன்முறையீட்டிலும் தோல்வியுற்ற அவர் கல்லூரி உதைபந்தாட்டத்தை இழந்தார். 2009 இல் கலிபோர்னியாவின் முன்னாட் கூடைப்பந்தாட்ட வீரர் எட் ஓபானன், தம் உருவம் அனுமதியின்றிக் கணினி விளையாட்டொன்றிற் பயன்பட்டமை கண்டு வழக்குத் தொடர்ந்தார். 2014 இல் சங்கத்தின் விதிகள் சட்டவிரோதமானவை எனத் தீர்க்கப்பட்டது.

அதன்பின் மாற்றம் விரைந்தது. 2019 இல் கலிபோர்னியா மாநிலம் மாணவரின் விளம்பர உரிமையைச் சட்டமாக்கியது. ஏனைய மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 2021 யூன் 21 ஆந் திகதி, கல்வி தொடர்பான சலுகைகளுக்குச் சங்கம் விதித்த வரையறையை உயர் நீதிமன்றம் ஒன்பது நீதியரசர்களும் ஒருமித்து நிராகரித்தது. அம்மாத இறுதியிற் சங்கம் தன் தடையைத் தளர்த்தியது. யூலை முதலாந் திகதியே பிறெஸ்னோவின் கூடைப்பந்தாட்ட இரட்டைச் சகோதரியரான ஹேலி, ஹனா கவிண்டர் ஆகியோர் தொலைபேசிக் கம்பனியொன்றுடன் ஒப்பந்தம் செய்தனர்.

ஊதிய உரிமைக்கு முன்னர் விளம்பர உரிமை வழங்கப்பட்டது ஏன் என்பது ஆராயத்தக்கது. ஊதியம் பல்கலைக்கழகத்தின் பெட்டியிலிருந்து வரவேண்டியது. விளம்பரப் பணமோ பிறர் வழங்குவது. ஆகவே, நிறுவனங்களுக்கு இழப்புக் குறைந்த சலுகை முதலில் கிடைத்தது. எனினும், ஒரு வழி திறக்கப்பட்டதும் அதனூடாக ஊதியமும் புகுந்தது. செல்வந்த ஆதரவாளர் கூட்டுநிதிகள் அமைத்து, விளம்பரம் என்ற பெயரில் ஆட்டத்துக்கே பணம் வழங்கத் தலைப்பட்டனர். 2025 யூனில் அங்கீகரிக்கப்பட்ட இணக்கப்பாடு ஏறத்தாழ 280 கோடி டொலர் நிலுவைத் தொகையை ஏற்றதோடு, பல்கலைக்கழகங்கள் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் டொலர் வரை நேரடியாகப் பகிரவும் வழிவகுத்தது.

இதனை முழு வெற்றியெனக் கொள்ளல் இயலாது. நிலுவையின் பெரும்பகுதி ஆடவர் உதைபந்தாட்டத்துக்கும் கூடைப்பந்தாட்டத்துக்கும் செல்லுமாறு அமைந்தமையை எதிர்த்துப் பெண் விளையாட்டாளர் சிலர் மேன்முறையீடு செய்தனர். மாணவர் விசாவிற் பயிலும் வெளிநாட்டாருக்குக் குடிவரவு விதிகள் இப்பணத்தை ஈட்டுவதிற் பெருந் தடையாயின. மேலும், பெயருக்கு விலை கொடுக்கும் சந்தை புகழுடையோரையே நாடும். புகழற்ற ஒருவர் களத்திற் காயமுற்றால் அவரது நிலை யாதென டெனிசனின் மனைவி எழுப்பிய வினாவுக்கு விளம்பர ஒப்பந்தம் விடையாகாது.

தோர்ப் சொந்தப் பெயரில் ஆடியமையாற் பதக்கம் இழந்தார். இன்றைய மாணவர் அப்பெயராலேயே பொருளீட்டுகின்றனர். இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட நூறாண்டு, தம் உழைப்பின் பயன் தமக்குரியதென நிறுவ விளையாட்டாளர் நடத்திய போராட்டத்தின் காலமாகும். பெயர் அவர்களுக்கு மீண்டுள்ளது. உழைப்பாளர் என்னும் தகுதி இன்னும் வழக்குக்குரியதாகவே நிற்கிறது.