புகையிரதப் பாதையின் கற்படுக்கை: ஒரு வரலாற்று நோக்கு

புகையிரதத்தின் வரலாற்றை எழுதுவோர் நீராவி எந்திரத்தையும் இரும்புத் தண்டவாளத்தையும் விரிவாகப் பேசுவர். அவ்விரண்டையும் தாங்கிக் கிடக்கும் சல்லிக்கற் படுக்கையோ அவர்தம் கவனத்தைப் பெரிதும் ஈர்ப்பதில்லை. ஆயின், நிலையான பாதை எது என்ற வினாவுக்கு விடைகாணப் பொறியியலாளர் பட்ட பாடு இப்படுக்கையிலேயே பதிந்துள்ளது.

ஆங்கிலத்தில் இதனைக் குறிக்கும் 'பலாஸ்ட்' என்னுஞ் சொல் கப்பற்றொழிலுக்கு உரியது. சரக்கின்றித் திரும்பும் கப்பல் சரிந்துவிடாதிருக்க அடித்தட்டில் ஏற்றப்படும் மணல், கல் முதலிய பாரத்தையே அது சுட்டும். இங்கிலாந்தின் தைன் ஆற்றிலிருந்து இலண்டனுக்கு நிலக்கரி கொண்டுசென்ற கப்பல்கள் இப்பாரத்துடன் மீண்டு, அதனை ஆற்றங்கரையிற் கொட்டின. நிலக்கரி வண்டிகளைக் குதிரைகள் இழுத்த அயற்பாதைகளை நிரவ அது பயன்பட்டதென்றும், பெயரும் அவ்வழியே வந்ததென்றும் கூறுவர். அக்காலத்தில் இந்நிரவலின் முக்கிய பணி, குறுக்குக் கட்டைகளை மூடிக் குதிரைகளுக்கு நடைவழி அமைப்பதேயாம்.

குதிரையின் இடத்தை எந்திரம் பெற்றதும் பிரச்சினை மாறியது. 1830 செப்டெம்பரில் திறக்கப்பட்ட லிவர்பூல்–மன்செஸ்டர் பாதையில், உறுதியான நிலப்பகுதிகளிற் கற்குற்றிகள் பதிக்கப்பட்டு அவற்றின்மீது தண்டவாளம் பொருத்தப்பட்டது. சட்மொஸ் சதுப்பு நிலத்திலும் புதிய மண் அணைகளிலும் மரக்கட்டைகள் இடப்பட்டன. கல் நிலையானது, மரம் தற்காலிகமானது என்பதே அன்றைய எண்ணம். அனுபவமோ மாறாக அமைந்தது. தனித்தனியே கிடந்த குற்றிகள் ஏற்றத்தாழ்வாக இறங்கின. தண்டவாளங்களின் இடைவெளி பிறழ்ந்தது. இறுதியில் மரக்கட்டையும் அதனைச் சூழ்ந்த உதிரிக் கற்களுமே நிலைபெற்றன.

இதன் காரணம் வெளிப்படை. இறங்கும் மண்மீது இறுகிய அடித்தளம் பயன்தராது. நெகிழ்ந்து கொடுப்பதும் மீளச் சீர்செய்யத்தக்கதுமான தளமே வேண்டும். கற்படுக்கை பாரத்தைப் பரப்பி மண்ணிற் சேர்க்கிறது, மழைநீரை வடியவிடுகிறது, கட்டைகளை நகராது பற்றுகிறது. பாதை தாழ்ந்தவிடத்துக் கட்டையின் கீழ்க் கல்லை இடித்துச் செருகி மட்டத்தைச் சீராக்கலாம். முன்னர் மணலும் சாம்பலும் கூழாங்கல்லும் பயன்பட்டன. ஆயினும் உருண்டைக் கல் விலகிவிடும். முனைகளையுடைய உடைகல்லே ஒன்றையொன்று கவ்வி நிற்கும். எனவே கடினப் பாறையை உடைத்த சல்லியே சிறந்ததெனக் கொள்ளப்பட்டது.

கோப்பிச் செய்கையின் தேவைக்கென எழுந்த இலங்கையின் முதற்பாதை 1864இல் அம்பேபுசையையும் 1867இற் கண்டியையும் அடைந்தது. 1905இல் வடபாதை கொழும்பையும் காங்கேசன்துறையையும் இணைத்தது. இப்பாதைகளைத் திறந்துவைத்த தேசாதிபதிகளின் பெயர்கள் ஏடுகளில் உள. கல்லுடைத்தோர், கல் இடித்தோர் பெயர்கள் இல.

அவர்தம் உழைப்பின் பெறுமதியை வடபாதையின் பிற்காலம் உணர்த்துகின்றது. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றது. போர்க்காலத்தில் தண்டவாளங்களும் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் பயன்பட்டன. 2014 ஒக்டோபரிலே மீண்டும் புகையிரதம் யாழ்ப்பாணம் வந்தபோது, பாதை அடித்தளத்திலிருந்தே புதிதாக அமைக்கப்பட்டிருந்தது. ஒருமுறை இட்டதனால் எப்பாதையும் நிலைப்பதில்லை. நாடோறும் பேணும் கைகள் உள்ளவரையே அது பாதையாகும். இரும்பின் வரலாற்றோடு அக்கைகளின் வரலாறும் எழுதப்படல் வேண்டும்.