தங்கவயலும் தொலைவும்

கோலார் தங்கவயலின் வாழ்வுக்கு வேண்டியவை பலவும் தொலைவிலிருந்தே வந்தன. குடிநீர், பாலாற்றங்கரையிலுள்ள பேத்தமங்களாவில் தேக்கி வடிகட்டப்பெற்றுக் குழாய் வழியே வந்தது. காவிரியின் சிவசமுத்திர அருவியில் பிறந்த மின்னாற்றல், 1902-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியே வந்து சுரங்க இயந்திரங்களை இயக்கிற்று. பெங்களூர் நகரமே 1905-இல்தான் மின்னொளி கண்டது!

ஆனால், உழைப்பாளிக்கு அத்தகைய கம்பி வாய்க்கவில்லை. வட ஆர்க்காட்டுத் தமிழர் ஊரைத் துறந்து வந்து, தாமே சுரங்கத்துள் இறங்க வேண்டியிருந்தது. பிறந்த மண்ணைப் பிரிந்து வாழும் நமக்கு இது புதிதன்று. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டபின், அவர்தம் வழித்தோன்றல்கள் பலர் நாள்தோறும் வேலை தேடிப் பெங்களூருக்கு ரயிலேறலாயினர்.

2020-இல் கொரோனாப் பெருந்தொற்று பரவியபோது, இணையம் எனும் புதிய கம்பி துணைநின்றது. கணிப்பொறி அலுவலகத்திலேயே இருக்கும். வீட்டில் தட்டும் எழுத்து அங்கே செல்லும். அதன் திரைக்காட்சி இங்கே தோன்றும். இவ்வாறு அலுவலர் பலர் இல்லத்திலிருந்தே கடமையாற்றினர். வேலை அவர்களைத் தேடி வந்தது.

கட்டட வேலை செய்வோருக்கும் காவல் புரிவோருக்கும் அவ்வழி திறக்கவில்லை. மின்சாரம் தொலைவை வென்று நூறாண்டுக்கு மேலாகியும், அவர்கள் அதனை நடந்தும் ரயிலேறியுமே கடக்கின்றனர்.