சீனக்குடாத் தாங்கிகள்

எங்கள் திருகோணமலையில் வெளிநாட்டு உடன்படிக்கைகளைக் கண்ணாலேயே பார்க்கலாம். சீனக்குடாக் காட்டுக்குள் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் கொடி படர்ந்து, துருவேறி நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானம் மோதி எரிந்த தாங்கியின் இரும்புச் சுவர் உருகி மடிந்தபடியே கிடக்கிறது.

1947 நவம்பரில், சுதந்திரத்துக்கு முன்பே, டி. எஸ். சேனநாயக்க பிரித்தானியாவுடன் பாதுகாப்பு உடன்படிக்கை செய்தார். திருகோணமலைக் கடற்படைத் தளம் அவர்களிடமே இருந்தது. 1957 ஒக்டோபரில் பண்டாரநாயக்க பகையில்லாமல், பேசியே அதை மீட்டார். அந்தச் சாதனையை நாம் போதிய அளவு கொண்டாடவில்லை.

1987இல் ஜே. ஆர். ஜயவர்தனவும் ராஜீவ் காந்தியும் பரிமாறிய கடிதங்களில், இந்திய நலனுக்குக் கேடாக எந்த நாட்டுப் படைக்கும் துறைமுகம் தரப்படாது, தாங்கிகளை இரு நாடுகளும் சேர்ந்து புதுப்பிக்கும் என்று எழுதினார்கள். 61 தாங்கிகளுக்கான கூட்டு உடன்படிக்கை 2022 ஜனவரியில்தான் கையெழுத்தானது. அவ்வளவு காலம் துருப்பிடிக்க விட்டது இரு அரசுகளும் எங்கள் ஊருக்கு இழைத்த குறை.