நிலவின் விளிம்பில் கிரிமால்டி

பௌர்ணமி மாலையில் சாந்தோம் கடற்கரையில் நின்று சிறு தொலைநோக்கி வழியே நோக்கினால், வங்கக் கடலினின்று மேலெழும் நிலவின் கீழ்விளிம்பருகே கரும்புள்ளி ஒன்று தெரியும். கிரிமால்டி என்பது அதன் பெயர். புள்ளியாகத் தோன்றினும் அதன் விட்டம் ஏறத்தாழ 170 கிலோ மீட்டர். ஒரு கரையை மயிலையில் வைத்தால் மறுகரை கடலூரையும் கடந்து நிற்கும்.

விண்பாறை மோதியதால் விளைந்த பெரும்பள்ளம் அது. பின்னர் நிலவின் உள்ளிருந்து பொங்கிய எரிமலைக் குழம்பு அப்பள்ளத்தை நிரப்பி, உறைந்து, கருஞ்சமவெளியாயிற்று. இவை நிகழ்ந்து முந்நூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாகின்றன.

இப்பெயரை இட்டவர் இயேசு சபைக் குருவான ரிச்சியோலி. இத்தாலியின் பொலோஞா நகரில் 1651-இல் வெளிவந்த அவரது வானியல் பெருநூலில் நிலவின் படம் இடம்பெற்றது. அதனை வரைந்தவரே அவர்தம் சபைத் தோழர் கிரிமால்டி. அந்நூல் வெளிவந்த ஐந்தாம் ஆண்டில், 1656 சனவரியில், அதே சபையினரான தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி, பார்வை மங்கிய முதுமையில், நம் மயிலையில் உயிர் நீத்தார். ஒருவர் தமிழைக் கற்றார். மற்றவர் இருவரும் நிலவைக் கற்றனர்.

அக்காலம் எளிய காலமன்று. பூமியே கதிரவனைச் சுற்றுகிறது என்னும் கொப்பர்னிக்கசின் கொள்கை 1616-இல் உரோமையில் கண்டிக்கப்பட்டது. 1633-இல் கலிலேயோ தண்டிக்கப்பட்டார். ரிச்சியோலியும் தம் நூலில் அக்கொள்கையை மறுத்தே வாதிட்டார். ஆயினும் நிலவின் எழில்மிகு பள்ளங்களுள் ஒன்றுக்குக் கொப்பர்னிக்கசின் பெயரையே சூட்டினார். கெப்ளருக்கும் கலிலேயோவுக்கும் அங்கே இடமளித்தார்.

ரிச்சியோலி கருதியதனைத்தும் நிலைக்கவில்லை. பூமி சுற்றுவது உறுதியாயிற்று. அவர் 'அமைதிக் கடல்' எனப் பெயரிட்ட இடத்தில் 1969-இல் அப்போலோ 11 வீரர்கள் இறங்கினர். அங்கே நீரில்லை, உறைந்த எரிமலைப் பாறையே இருந்தது. கலிலேயோ காலத்து இறையியலார் தவறியதை 1992-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் வெளிப்படையாக ஏற்றார். எனினும் ரிச்சியோலி இட்ட பெயர்களை வானியலார் இன்றும் வழங்குகின்றனர்.

கருத்தில் மாறுபட்டவரின் பெயரை உச்சரிக்கவும் கூசுகிறோம் நாம். பங்குப் பேரவையிலும் குடும்பத்திலும் அவரை ஒதுக்கிவைக்கிறோம். ரிச்சியோலியோ தாம் மறுத்தவரின் பெயரை உலகமெல்லாம் காணும் நிலவில் எழுதிவைத்தார். அவர் வாதம் தோற்றது. அவர் காட்டிய மதிப்பு தோற்கவில்லை. உண்மையைத் தேடுவோர் ஒருவரையொருவர் மதிப்பதும் இறைவனுக்குச் செலுத்தும் வணக்கமே.